சூடான இரும்பைக் காக்க வைக்காதீர்கள்

ஃபோர்ஜிங் பட்டறையில் உலைக்கதவு திறந்து பில்லட் வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது அதன் மேல் படிந்திருக்கும் கருநிறத் தோல். முதல் அடி விழுந்ததும் அது பொரிந்து சிதறி டையைச் சுற்றிக் கொட்டும். பட்டறையில் இதை ஸ்கேல் என்பார்கள். இந்த நூலில் செதில் என்று எழுதுகிறேன். ஷிஃப்ட் முடிவில் மண்வெட்டியால் அள்ளி மூலையில் குவிக்கப்படும் இந்தக் கருஞ்சரளையில் எடைக்கு ஏறத்தாழ முக்கால் பங்கு இரும்பு. அத்தனையும் நீங்கள் விலை கொடுத்து வாங்கிய இரும்பு.

எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரும்பு ஆக்சைடாக மாறும்போது பருமன் கூடுகிறது. வூஸ்டைட் என்ற ஆக்சைடுக்கு இந்தப் பெருக்கம் சுமார் 1.7 மடங்கு. ஆகவே ஒரு மில்லிமீட்டர் கெட்டிச் செதில் இருந்தால் அதற்காக 0.6 மில்லிமீட்டர் அளவுக்கு இரும்பு கரைந்திருக்கிறது என்று பொருள். 100 மில்லிமீட்டர் சதுர பில்லட்டில் நான்கு பக்கமும் இப்படிப் போனால் குறுக்குவெட்டில் 2.4 சதவீதம் இழப்பு. அதே செதில் 50 மில்லிமீட்டர் பில்லட்டில் வளர்ந்தால் 4.7 சதவீதம். சிறிய துண்டுகளை அடிப்பவர்களுக்குத்தான் செதிலால் நஷ்டம் அதிகம் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும். எடை மட்டுமா போகிறது? டைக்குள் அழுந்திய செதில் பொருளின் மேல் குழி விடும், டையின் முகத்தை அரைக்கும், மெஷினிங்கில் டூலின் முனையை மழுக்கும்.

செதில் எப்படி வளர்கிறது

ஒரே தோல் போலத் தெரிந்தாலும் செதிலில் மூன்று அடுக்குகள் உண்டு. இரும்பை ஒட்டி வூஸ்டைட், அதன் மேல் மேக்னடைட், காற்றுப் படும் மேற்பரப்பில் மெல்லிய ஹெமடைட். 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சாதாரண இரும்பைக் காற்றில் சுட்டால் தடிமனில் சுமார் 95 பங்கு வூஸ்டைட், 4 பங்கு மேக்னடைட், 1 பங்கு ஹெமடைட். வூஸ்டைட் 570 டிகிரிக்கு மேல்தான் நிலைத்து நிற்கும். அந்த எல்லைக்குக் கீழே செதில் மிக மெதுவாக வளர்வதற்கும் மேலே மளமளவென்று வளர்வதற்கும் இதுதான் காரணம். வூஸ்டைட்டின் படிக அமைப்பில் இரும்பு அணுக்கள் இருக்க வேண்டிய இடங்களில் பல காலியாகக் கிடக்கின்றன. அந்தக் காலி இடங்கள் வழியாக இரும்பு தாவித் தாவி மேலேறிவிடுகிறது.

ஆம், இரும்புதான் வெளியே வருகிறது. ஆக்சிஜன் உள்ளே துளைத்துக்கொண்டு போகிறது என்று நினைப்பது இயல்பு. இந்தச் செதிலில் நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. 1929இல் பிஃபில் என்ற ஆய்வாளர் இரும்பின் மேல் பச்சை நிறக் குரோமிக் ஆக்சைடைப் பூசிச் சூடாக்கிப் பார்த்தார். செதில் வளர்ந்த பிறகு அந்தப் பூச்சு வெளியே தெரியவில்லை, செதிலுக்குள் புதைந்து கிடந்தது. பூச்சைத் தாண்டி இரும்பு மேலே வந்து அங்கே ஆக்சைடாகியிருந்தது. பட்டறைக்காரருக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. இரும்பு மேலே போகப் போக அடியில் இடம் காலியாகும். மூலைகளிலும் விளிம்புகளிலும் செதில் அந்த இடைவெளியை நிரப்பிச் சரிய முடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். போதாததற்கு எஃகிலுள்ள கார்பன் ஆக்சைடோடு சேர்ந்து வாயுவாகி, செதிலைக் கொப்புளமாக ஊத வைக்கும்.

இப்படித் தூக்கிய செதில் பைரோமீட்டரை ஏமாற்றும். உலைக்குள் இருக்கும்போது, அடியில் இரும்போடு தொடர்பு அறுந்த செதில் சுடரின் வெப்பத்தை வாங்கி இரும்பைவிட வெளிச்சமாகத் தெரியும். உள்ளே இரும்பு இன்னும் ஊறியிருக்காது. மீட்டரோ 1200 காட்டும். வெளியே எடுத்த பிறகு அதே செதில் காற்றுப் பட்டு உடனே கறுத்துவிடும். அடியில் இரும்பு 1200இல் இருக்க, மீட்டர் 1050 என்று காட்டி உங்களை மறுபடி உலைக்குள் தள்ள வைக்கும். பில்லட்டின் மேல் சுரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, செதில் கழன்று பளிச்சென்று தெரியும் இடத்தில் அந்த நொடியே குறி வையுங்கள். ஆனால் சுத்தமான இரும்பின் ஒளிர்வு எண் செதில் மூடிய இரும்பைவிடக் குறைவு. செதில் மூடிய இரும்புக்கு 0.8 என்று வைத்திருக்கும் மீட்டர், பளிச்சிடும் இரும்பில் குறைத்துக் காட்டும். சுரண்டிய நொடியில் மறுபடி மெல்லிய, ஒட்டிய செதில் உருவாகிவிடும். அதன் மேல் எடுக்கும் அளவுதான் நம்பத் தகுந்தது. இதைக் கையோடு பழகிக்கொண்ட ஒருவரை ஷிஃப்ட்டுக்கு ஒருவராக வைத்திருப்பது உத்தமம்.

சூடும் நேரமும்

1920இல் குஸ்டாவ் தம்மான் ஒரு விதியைச் சொன்னார்: ஆக்சைடு தடிமனின் வர்க்கம் நேரத்துக்கு நேர் விகிதம். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் நான்கு மணி நேரத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். செதில் தடிக்கத் தடிக்க இரும்பு கடக்க வேண்டிய தூரம் கூடுவதால் வேகம் குறைகிறது. இந்த விதி கெட்டியாக ஒட்டியிருக்கும் செதிலுக்கும் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடத்துக்கும் பொருந்தும். எண்ணெய் உலையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால், தொடக்கத்தில் வளர்ச்சி நேரத்துக்கு நேர் விகிதமாகவே போகும். அங்கே தானாக வேகம் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

வெப்பநிலையின் கை இதைவிட ஓங்கியது. தூய இரும்புக்குக் கிடைத்திருக்கும் அளவுகளை வைத்துப் போட்டால், 1000 டிகிரியில் ஒரு மணி நேரம் வளரும் செதிலைவிட 1200 டிகிரியில் வளர்வது ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன். 1200க்கும் 1250க்கும் இடையிலுள்ள அந்த 50 டிகிரிக்கு மட்டும் கால் பங்கு கூடும். பர்னரைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் அடி சுலபமாக இறங்கும் என்று ஹேமர்காரர் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு, சூடு கூடினால் இரும்பு இளகும். ஆனால் அந்த 50 டிகிரிக்கு எவ்வளவு இரும்பு விலையாகிறது என்பது அவருக்கும் தெரிய வேண்டும். 1300ஐ நெருங்கினால் விஷயம் செதிலோடு நிற்காது. இரும்பின் படிக மணிகளின் எல்லைகளில் ஆக்சைடு புகுந்து, சில இடங்கள் உருகத் தொடங்கி, பில்லட் எரிந்துபோகும். பொறி பறக்க வெளியே வரும் அந்த பில்லட்டை எந்த வெப்பப் பதத்தாலும் மீட்க முடியாது. ஸ்கிராப்புக்குத்தான் போக வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்று: பட்டறையில் வீணாகும் செதிலில் பெரும்பங்கு வேலை நடக்கும்போது வளர்வதில்லை, வேலை நிற்கும்போது வளர்கிறது. டை மாற்றுகிறார்கள், ஹேமரில் சீல் போய்விட்டது, கரண்ட் போனது, சாப்பாட்டு நேரம். உலை மட்டும் 1220இல் எரிந்துகொண்டே இருக்கும், பில்லட்டுகள் உள்ளே அடுக்காகக் காத்திருக்கும். யாரும் தப்பாக எதுவும் செய்வதில்லை; யாரும் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் இழப்பு.

ஆகவே வேலை நின்றால் ஃபோர்மேன் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு நேரம் ஆகும் என்பது. கால் மணிக்குள் முடியும் என்றால் பர்னரை மிகக் குறைத்துக் கதவை மூடிவிட்டால் போதும். அரை மணிக்கு மேல் போகும் என்றால் உலையை 1000 டிகிரிக்கு இறக்குங்கள். அங்கே வளர்ச்சி வேகம் 1200இல் இருந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். திரும்ப ஏற்ற ஆகும் நேரமும் அதிகமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 800க்குக் கீழே கொண்டுபோங்கள். அங்கே அந்த வேகம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே.

பில்லட்டுகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அவசரத்துக்கு வேறு வழி இல்லை என்றால் செய்யுங்கள், ஆனால் அது இலவசம் அல்ல. குளிரும்போது செதில் விரிசல் விட்டு உதிரும். மறுபடி உலைக்குள் போகும்போது வெற்று இரும்பு முதலிலிருந்து தொடங்கும், அதுவும் அதிவேகமான தொடக்கத்திலிருந்து. ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் வளரும் உலையில், நடுவே செதிலை உதிர்த்துவிட்டு அரை மணி அரை மணியாகச் சுட்டால் மொத்தம் 1.4 மில்லிமீட்டர் ஆகிவிடும். உயர்கார்பன், அலாய் எஃகுகள் அப்படித் திறந்த வெளியில் குளிர்ந்தால் விரிசல் விடும் ஆபத்தும் உண்டு.

இண்டக்‌ஷன் ஹீட்டர் போட்ட பட்டறைகளில் செதில் குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுதான். பில்லட் நிமிஷங்களில் சூடேறிவிடுகிறது, காத்திருப்பதில்லை. எண்ணெய் உலையில் பொதுவாக 2 முதல் 3 சதவீதம் போகும் இடத்தில் இண்டக்‌ஷனில் ஒரு சதவீதத்துக்குள் அடக்கலாம். அதற்காக எல்லோரும் உடனே இண்டக்‌ஷனுக்கு மாற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பலவகை அளவுகளில் சில்லறை வேலை எடுக்கும் பட்டறைக்கு எண்ணெய் உலையே வசதி. அந்த உலையை ஒழுங்காக நடத்தினாலே பெரும் இழப்பு நிற்கும்.

உலைக்குள் இருக்கும் காற்று

காற்றைக் குறைத்துப் புகைச் சுடர் வைத்தால் செதில் வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் சரி. தேவைக்கு மேல் காற்று போனால் செதில் கூடும், எண்ணெயும் வீணாகும். அதைக் குறைப்பது நல்லது. புகைபோக்கி வாயுவில் ஆக்சிஜன் 2 முதல் 3 சதவீதம் இருக்கும்படி வைப்பது நல்ல இலக்கு. 3 சதவீதம் என்பது சுமார் 15 சதவீதம் கூடுதல் காற்றுக்குச் சமம். ஆனால் ஆக்சிஜனே இல்லாவிட்டாலும், எரிந்த வாயுவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் 1200 டிகிரியில் இரும்பை ஆக்சைடாக்கும். அதை முழுக்கத் தடுக்க வேண்டும் என்றால் அரைகுறை எரிதலில் உலை முழுக்கக் கார்பன் மோனாக்சைடு நிறைய வேண்டும். எண்ணெய்ச் செலவும் தாங்காது, பட்டறைக்குள் நிற்பவர்களின் உயிருக்கும் ஆபத்து. அந்த வழிக்குப் போகாதீர்கள்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. டேம்பரைச் சரிசெய்து உலைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும்படி வையுங்கள். கதவிடுக்கில் சுடரின் நாக்கு லேசாக வெளியே எட்டிப் பார்த்தால் சரி, உள்ளே இழுத்தால் வெளிக்காற்று புகுகிறது. கதவு வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள். சுடர் நேராக பில்லட்டின் மேல் பட்டால் அந்த ஒரு இடம் மட்டும் அரிக்கும். பர்னரின் கோணத்தைத் திருப்புங்கள்.

செதில் வளரும்போதே எஃகின் மேற்பரப்பிலிருந்து கார்பனும் போகிறது. கண்ணுக்குத் தெரியாது. பொருளைக் கடினப்படுத்திய பிறகு அரம் போட்டால் மேல்தோல் மட்டும் மெத்தென்று வழியும். அலவன்ஸ் வைத்து மெஷின் செய்யும் பொருளுக்கு இது தொந்தரவில்லை. அடித்தபடியே போய்ச் சேரும் ஸ்பிரிங், கைக்கருவிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சாணையில் தீப்பொறி பார்க்கத் தெரிந்தவர் இருந்தால், மேல்தோலிலும் ஒரு மில்லிமீட்டர் இறங்கியும் பொறியை ஒப்பிட்டுப் பார்த்து உடனே சொல்லிவிடுவார்: கார்பன் போன இடத்தில் பொறி கிளை விடாமல் நீண்டு போகும்.

ஒவ்வொரு எஃகுக்கும் ஒரு குணம்

சாதாரண கார்பன் எஃகில் செதில் தடிமனாக வந்தாலும் சுலபமாகக் கழன்றுவிடும். தொல்லை தருவது ஒட்டிக்கொள்ளும் செதில்.

லீஃப் ஸ்பிரிங் எஃகில் சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். அது செதிலின் அடியில் இரும்புச் சிலிக்கேட்டாக மாறி வூஸ்டைட்டோடு சேரும். இந்தக் கலவை சுமார் 1170 டிகிரியில் உருகிவிடும். உருகியது இரும்பின் மணி எல்லைகளிலும் செதிலின் வெடிப்புகளிலும் பாய்ந்து, உறையும்போது இரண்டையும் ஆணி அடித்ததுபோல் பிணைத்துவிடும். அதன் பிறகு செதிலைத் தட்டிக் கழற்றுவது பெரும்பாடு. ஆகவே சிலிக்கான் எஃகை அந்த எல்லைக்கு மேல் தேவையில்லாமல் ஏற்றாதீர்கள். ஏற்றியே ஆக வேண்டும் என்றால் மேலே இருக்கும் நேரத்தைச் சுருக்குங்கள், அந்தக் கலவை உறைவதற்கு முன்பே செதிலை நீக்கிவிடுங்கள்.

நிக்கல் உள்ள இஎன்24 போன்றவற்றில் கதை வேறு. இரும்பு ஆக்சைடாகிப் போக, நிக்கல் ஆக்சைடாகாமல் பின்தங்கி, செதிலுக்குள் உலோக இழைகளாகப் பின்னிக்கொள்ளும். வலையில் மாட்டிய செதில் உதிராது. கந்தகம் அதிகமுள்ள எண்ணெயும் புகைச் சுடரும் நிக்கல் எஃகுக்கு ஆகவே ஆகாது. நிக்கல் சல்ஃபைடு நிக்கலோடு சேர்ந்தால் சுமார் 640 டிகிரியிலேயே உருகி மணி எல்லைகளில் இறங்கும்.

ஸ்கிராப்பிலிருந்து உருக்கிய எஃகில் செம்பு கலந்திருக்கும். அதுவும் ஆக்சைடாகாமல் செதிலுக்கு அடியில் சேர்ந்து செறிந்து, 1085 டிகிரியில் உருகி இரும்புக்குள் புகும். முதல் அடியிலேயே மேற்பரப்பு சின்னச் சின்ன வெடிப்புகளாகப் பிளந்தால் ஹேமர்காரரைக் குறை சொல்வதற்கு முன் பில்லட்டின் செம்பு அளவைக் கேளுங்கள். வெள்ளீயம் கூடச் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். நிக்கல் இருந்தால் ஓரளவு தாங்கும்.

304 போன்ற ஸ்டெயின்லெஸ் எஃகில் குரோமியம் மெல்லிய கவசமாக நிற்பதால் செதில் குறைவு. ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான். ஷாட் பிளாஸ்டிங்குக்குப் பிறகு நைட்ரிக், ஹைட்ரோஃப்ளோரிக் அமிலக் கலவையில் பிக்ளிங் செய்ய வேண்டியிருக்கும். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தோலில் பட்டால் எரிச்சல் உடனே தெரியாமலும் இருக்கலாம், ஆனால் எலும்பு வரை போகும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் அந்தத் தொட்டியைத் திறக்கக் கூடாது. பட்டதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஜெல் தடவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கழற்றுவது

டைக்குள் வைப்பதற்கு முன்பே செதிலைக் கழற்றிவிட வேண்டும். சிறிய பட்டறையில் கம்பித் தூரிகை, சங்கிலி, சுரண்டி போதும். தட்டையான டையில் முதலில் ஒரு லேசான அடி அடித்து பில்லட்டை அமுக்கினால் செதில் பிளந்து கழலும். காற்றுக் குழாயால் ஊதித் தள்ளிவிட்டு, பிறகு வடிவ டைக்குள் வையுங்கள். நேராக வடிவ டையில் வைத்து முழு பலத்தோடு அடிப்பது செதிலை இரும்புக்குள் ஆணி இறக்குவதற்குச் சமம். பெரிய ஆலைகளில் 150 பாருக்கு மேல் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். தோல் சட்டென்று சுருங்கி வெடிக்க, அடியில் புகுந்த நீர் ஆவியாகித் தூக்கி எறிகிறது. பீச்சு ஒரு நொடிக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது, இரும்பு குளிர்ந்துவிடும். எந்த முறையானாலும் கண்ணாடியும் முகக் கவசமும் கட்டாயம். சூடான செதில் கீழே தேங்கிய தண்ணீரில் விழுந்தால் வெடித்துச் சிதறும். ஹேமரைச் சுற்றித் தரை எப்போதும் காய்ந்திருக்கட்டும்.

உலைக்குள் உதிர்ந்த செதிலையும் விட்டுவைக்கக் கூடாது. சாதாரணத் தீக்கல்லில் சிலிக்கா இருப்பதால், மேலே சொன்ன அதே உருகும் கலவை தரையிலும் உருவாகிக் கல்லை அரித்து, பில்லட்டைத் தரையோடு ஒட்டவைத்துவிடும். அடித்தரைக்கு மேக்னசைட் அல்லது குரோம் மேக்னசைட் கல் போட்டால் நீண்ட நாள் உழைக்கும். வாரம் ஒருமுறை தரையைச் சுரண்டுவதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் உலையின் கணக்கு

மற்றவர் சொல்லும் சதவீதத்தை நம்பாதீர்கள், சொந்தமாக அளந்து பாருங்கள். நீங்கள் அடிக்கும் அதே எஃகில், அதே குறுக்களவில் ஒரு துண்டை அறுத்து, துருவும் எண்ணெயும் போகச் சுத்தம் செய்து, கிராம் வரை காட்டும் தராசில் எடை எடுங்கள். வழக்கமான சார்ஜோடு நடுவில் வைத்து, வழக்கமான நேரம் சூடாக்கி எடுத்து, அடிக்காமல் தண்ணீரில் போடுங்கள். பெரும்பாலான செதில் தானே கழன்றுவிடும். மிச்சத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துடைத்து, மறுபடி எடை போடுங்கள். அமிலத்தில் போட்டால் இரும்பையும் கரைக்கும், கணக்குத் தப்பிவிடும். 2000 கிராம் துண்டு 1950 ஆனால் இழப்பு 2.5 சதவீதம். துண்டின் இரு முனைகளும் சேர்ந்து தேய்வதால் நீண்ட பில்லட்டைவிட இது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். எப்போதும் ஒரே நீளத்தில் அறுத்தால் ஒப்பிடுவதற்குக் குறை இல்லை. இன்னொரு துண்டை, வேலை நின்று அரை மணி காத்திருந்த சார்ஜில் வைத்துப் பாருங்கள். இரண்டு எண்களையும் உலைக்குப் பக்கத்தில் பலகையில் எழுதி வையுங்கள். தேதியும் உலையின் வெப்பநிலையும் கூட இருக்கட்டும்.

கடைசியாகக் குவிந்த செதிலைப் பற்றி. உருட்டாலைகள், ஃபோர்ஜிங் பட்டறைகளின் செதிலைச் சின்டர் ஆலைகளும் சிமெண்ட் ஆலைகளும் இரும்புச் சத்துக்காக வாங்குகின்றன. தண்டவாளம் பற்றவைக்கும் தெர்மிட் கலவையில் அலுமினியத்தோடு சேர்வதும் இரும்பு ஆக்சைடுதான். எண்ணெயோ கிரீஸோ கலந்தால் விலை இறங்கும், ஆலை திருப்பியும் அனுப்பும். ஹேமருக்கு அடியில் விழும் எண்ணெய்ச் செதிலையும் உலையிலிருந்து சுரண்டும் உலர்ந்த செதிலையும் தனித்தனி டிரம்மில் போடுங்கள். ஸ்டெயின்லெஸ், நிக்கல் எஃகுச் செதிலுக்கு மூன்றாவதாக ஒரு டிரம், மூடியோடு.